ஃபோர்ம் அக்கா ஜெயகௌரி

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஜெயகௌரி என்று பெயர் சொல்லி விசாரித்தால் பெற்றோர் பலர் ஒரு கணம் யோசிப்பார்கள். ‘ஃபோர்ம் அக்கா’ என்றால் போதும், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கை காட்டிவிடுவார்கள். அந்தப் பட்டத்தை முதலில் சூட்டியவர்கள் கேலியாகத்தான் சூட்டினார்கள். பட்டம் நிலைத்துவிட்டது. கேலி மட்டும் நாளடைவில் உதிர்ந்துபோனது.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவள். கணவன் புவனேந்திரன் அகதியாக லண்டன் வந்து, காகிதங்கள் சரியாகி, பஸ் ஓட்டும் வேலையில் சேர்ந்த பிறகு 1990இல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டான். இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். இளையவன் முழுநேரப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் இருந்த ஆரம்பப் பள்ளியில் அவளுக்கு டின்னர் லேடி வேலை கிடைத்தது. பதினொன்றரைக்குப் போய் மேசை போடுவது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, சின்னதுகளுக்கு இறைச்சியை வெட்டிக் கொடுப்பது, பிறகு விளையாட்டு முற்றத்தில் நின்று அடிபிடியை விலக்குவது, ஒன்றரைக்கு வீட்டுக்கு வருவது. சொந்தக்காரர்கள் சிலர் இதை ஒரு வேலையாகவே கணக்கில் எடுக்கவில்லை. அவளுக்கோ அந்த இரண்டு மணி நேரம் பிடித்திருந்தது. எந்தப் பிள்ளை பட்டாணியைப் பொறுக்கி ஒதுக்கும், எது இன்னொருத்தியோடு கோபம் என்றால் சாப்பிடாது, எது வீட்டில் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்திருக்கிறது என்று மூன்றாவது மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கிலம் அரைகுறைதான். தட்டைப் பார்த்தால் பிள்ளையின் மனம் தெரியும் என்பாள்.

2004ஆம் ஆண்டு பங்குனி மாதம் அந்தப் பள்ளி தன் ஊழியர் எல்லோரையும், சமையற்கட்டில் நிற்பவர்கள் உட்பட, உள்ளூராட்சிக் கவுன்சில் நடத்திய அரைநாள் பயிற்சிக்கு அனுப்பியது. பாடம் நடத்தியவள் கத்தரின் என்ற அயர்லாந்துப் பெண். சிறுவர் பாதுகாப்புப் பிரிவில் இருபது வருடம் வேலை செய்தவள். குரலை உயர்த்தாமல், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, பெற்றோர் கேட்க விரும்பாத விஷயங்களைச் சொன்னாள். பிள்ளைகளைக் கெடுக்க நினைக்கிறவன் புதர் மறைவில் நிற்பதில்லை, தாய் தகப்பன் நன்றி சொல்லி வீட்டுக்குள் கூப்பிடுகிற இடத்தில்தான் அவன் நிற்பான் என்றாள். மே மாதம் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வருகிறது என்றும் சொன்னாள். அதுவரை ஒரு பிள்ளையின் மேல் கை பட்ட பிறகுதான் பெரும்பாலும் சட்டம் எழுந்து வரும். இனி அப்படியில்லை. வளர்ந்த ஒருவன் தீய நோக்கத்தோடு ஒரு பிள்ளையிடம் பேசிப் பழகி, அதன்பின் சந்திக்கப் புறப்பட்டாலே குற்றம். போகிற வழியிலேயே பிடிக்கலாம்.

அந்தப் பழகலுக்கு அவர்கள் ‘குரூமிங்’ என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். பயிற்சியில் தந்த தாளின் பின்பக்கத்தில் ஜெயகௌரி அதற்குத் தமிழ் தேடிப் பார்த்தாள். ‘வசியம்’ என்று எழுதி வெட்டினாள். மந்திரம் மாதிரி இருந்தது. ‘ஏமாற்றுதல்’ போதவில்லை. கடைசியில் ‘பழக்கி எடுக்கிறது’ என்று எழுதினாள். கன்றுக்குட்டியைக் கையில் புல்லைக் காட்டிக் காட்டித் தொழுவத்துக்குக் கொண்டுபோவதைப் பார்த்தவளுக்கு அது சரியாகப் பட்டது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அவளுக்குச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு மேல்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். நூற்றியெண்பது பிள்ளைகள். தமிழ், மிருதங்கம், பரதம், கணக்கு, கம்ப்யூட்டர். சொல்லிக்கொடுப்பவர்கள் இருபத்திரண்டு பேர், எல்லோரும் தொண்டர்கள். ஜெயகௌரி அங்கே வரவு எடுப்பாள், தேநீர் ஊற்றுவாள். தன்னுடைய பள்ளியில் பாணுக்குப் பட்டர் பூசிக் கொடுக்கிறவளின் முன்கதையைக்கூடப் பொலிஸ் பதிவேட்டில் தேடிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். இங்கே இருபத்திரண்டு பேரில் ஒருவரைப் பற்றியும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தேநீரைக் கொடுத்துவிட்டு அவள் வெளியே போகவில்லை. பேச வேண்டும் என்றாள். தலைவர் யேசுரட்ணம் யாழ்ப்பாணத்தில் கல்லூரி உப அதிபராக இருந்தவர். அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் நடத்திவருகிறவர். அவள் சொன்னதைக் கேட்டு அவர் முகம் சிவந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், குடும்பம் தெரியும், ஊர் தெரியும், சம்பளமில்லாமல் வந்து படிப்பிக்கிறவர்களைப் பார்த்து நீ கள்ளனா என்று கேட்பதா என்றார். செயலாளரும் பொருளாளரும் தலையாட்டினார்கள்.

“அண்ணை, நான் ஒருத்தரையும் சந்தேகப்படேல்லை,” என்றாள் ஜெயகௌரி. “ஆனா ஊர் தெரியும், குடும்பம் தெரியும் எண்டு சொல்லுறியள். ஆளைத் தெரியுமோ? இந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறவர் போன வருசம்தான் வந்தவர். அவர் இதுக்கு முந்தி எங்க இருந்தவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

அவள் அவரைக் குறிவைத்துச் சொல்லவில்லை. கடைசியாகச் சேர்ந்தவர் என்பதால் அவரே வாயில் வந்தார். யேசுரட்ணம் ஆசிரியர் பட்டியலை எடுத்துப் பார்த்தார்; அந்தப் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பொலிஸ் பதிவேட்டில் தேடுவதற்கான படிவத்தை முதலாவதாகத் தன் பெயரில் போடச் சொன்னார். பிழை என்று கண்டால் திருத்திக்கொள்ளத் தயங்காத மனிதர் அவர்.

இப்படித்தான் அவள் ஃபோர்ம் அக்கா ஆனாள். அந்தப் படிவம் லேசுப்பட்டதல்ல. கறுப்பு மையில்தான் எழுத வேண்டும். ஐந்து வருட முகவரிகளை ஒரு மாதம் விடாமல் தர வேண்டும். கடவுச்சீட்டு, பில் என்று அடையாளம் காட்ட வேண்டும். அகதியாக வந்து ஐந்து வருடத்தில் ஏழு வீடு மாறியவர்களுக்கு அது ஒரு வரலாற்றுப் பாடம். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் பேனாவைக் கீழே வைத்தார்கள். மிருதங்க ஆசிரியர் இரண்டு வாரம் அவள் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்தார். வீடு தேடிப் போய்க் கேட்டபோது, தொண்ணூற்றியிரண்டில் வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்திறங்கியது தெரிந்துவிடுமே என்று அழாக்குறையாகச் சொன்னார். அதைப் பற்றி அகதி விண்ணப்பத்திலேயே எழுதி, அரசாங்கமும் அதை ஏற்றுக்கொண்டு பன்னிரண்டு வருடமாகிவிட்டது என்பதை அவருக்கு நினைவுபடுத்தி, பக்கத்தில் இருந்து எழுதுவித்தாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட சரோஜினி, பரதம் சொல்லிக்கொடுப்பவர், வங்கியில் வேலை. அவர் படிவத்தை ஐந்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, “ஆமா, இதை நானே கேட்டிருக்கணும். என் பொண்ணையும் இவங்ககிட்ட விடுறேன், அப்பவும் தோணலையே,” என்றார். அன்றிலிருந்து முகவரி சரிபார்க்க அவரும் கூட வந்தார். இரண்டு பெண்களும் ஒரு கோடைகாலம் முழுக்க பிளேஸ்டோவுக்கும் இல்ஃபோர்டுக்கும் இடையே படியேறி இறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர், ரோல்ஸ், மிக்சர். ஜெயகௌரி அந்தக் கோடையில் இரண்டு கிலோ கூடிவிட்டதாகப் புவனேந்திரன் சொன்னான். அவள் மறுக்கவில்லை.

ஆவணி முடிவில் ஆசிரியர்கள் இருபத்தொரு பேரின் பொலிஸ் சான்றிதழ்கள் வந்துசேர்ந்தன. ஒருவருடையதிலும் ஒரு கறையும் இல்லை. வராதது கம்ப்யூட்டர் மாஸ்டர் சஞ்சயனுடையது மட்டும்.

சஞ்சயனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மாநிறம், எப்போதும் தேய்த்த சட்டை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கும் மரியாதை. பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடிக்கும். பெற்றோருக்கு அதைவிடப் பிடிக்கும். ஷிப்ட் வேலையால் வரத் தாமதமாகும் தாய்மாரின் பிள்ளைகளைத் தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவார். படிவம் முதல் தடவை தொலைந்துவிட்டது என்றார். இரண்டாவது படிவத்தைக் காரில் மறந்துவிட்டேன் என்றார். மூன்றாவதில் முகவரிப் பகுதியை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார், சிரித்தார்.

அப்போதும் ஜெயகௌரி அவரைத் தப்பாக நினைக்கவில்லை. அவளுக்குத் தன் பிடிவாதம்தான் பெரிதாக இருந்தது. சான்றிதழ் வராதவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது என்று கத்தரின் சொல்லியிருந்தாள். புரட்டாதி மாதம் புதிய தவணை தொடங்கிய முதல் சனிக்கிழமை, ஜெயகௌரி கம்ப்யூட்டர் அறையின் கடைசியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மடியில் அட்டையும் கத்தரிக்கோலும். பாலர் வகுப்புக்கு உயிரெழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். காரில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதும் நின்றது. சில தாய்மார் முறுமுறுத்தார்கள். வேலைவெட்டி இல்லாதவள் என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். சஞ்சயன் யேசுரட்ணத்திடம் போய்த் தன் மனம் புண்பட்டதாக முறையிட்டார். யேசுரட்ணம், படிவத்தைக் கொடுத்தால் நாற்காலி தானாகப் போய்விடுமே தம்பி என்று மட்டும் சொன்னாராம்.

நாலு சனிக்கிழமை ‘அ’வும் ‘ஆ’வும் வெட்டியதில், அவள் வேறொன்றைக் கண்டாள். கம்சிகா என்று ஒரு பிள்ளை, பதின்மூன்று வயது. தாய் மாலினி தனியாக வளர்க்கிறாள். பகலில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை, மாலையில் கடையில் நிற்பாள். அரசாங்க உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகத்துக் கடிதம் வந்தால் ஜெயகௌரியிடம்தான் கொண்டுவந்து வாசிக்கத் தருவாள். அந்தப் பிள்ளை ஒன்பது வயதில் ஆரம்பப் பள்ளியில் ஜெயகௌரியின் மேசையில் சாப்பிட்டவள். வாயாடி. இரண்டு தட்டு புடிங் கேட்பவள். இப்போது இடைவேளையில் எல்லோரும் பட்டிஸ் சாப்பிடும்போது அவள் கையில் வாங்கிய பட்டிஸ் அப்படியே இருந்தது. சட்டைப்பையில் ஏதோ அதிர்ந்தால் திடுக்கிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனாள். ஒருமுறை அது வெளியே வந்தபோது ஜெயகௌரி பார்த்தாள். புதிய கைப்பேசி. மாலினியிடம் இருந்ததைவிட நல்லது. மாலினி பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அடுத்த வாரம் பாடசாலை விடுமுறை. மண்டபத்தில் நாற்காலி அடுக்குவதற்கு உதவி வேண்டும் என்று சொல்லி ஜெயகௌரி கம்சிகாவை நிறுத்திவைத்தாள். கதவு திறந்தே இருந்தது. சாப்பிடாமல் இருக்கிறாயே, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று மட்டும் கேட்டாள். பிறகு நாற்காலிகளை அடுக்கினாள். பன்னிரண்டோ பதின்மூன்றோ அடுக்கிய பிறகு, கம்சிகா ஆங்கிலத்தில், ஒரு விஷயம் சொன்னால் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பீர்களா அன்ரி என்று கேட்டாள்.

ஜெயகௌரிக்கு ஓம், சொல்ல மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்த ஒரு கேள்விக்கு ஓம் சொல்லக்கூடாது என்று கத்தரின் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

“அப்பிடி ஒரு சத்தியம் என்னாலை பண்ண ஏலாது, பிள்ளை,” என்றாள். “உனக்கு உதவி தேவையெண்டா உதவி செய்யிற ஆக்களுக்கு மட்டும் சொல்லுவன். ஊருக்குச் சொல்ல மாட்டன். உன்னோட கோவிக்கவும் மாட்டன்.”

பிள்ளை கையில் இருந்த நாற்காலியை அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து நீட்டினாள். ஜெயகௌரி அதை வாங்கி வாசித்தாள். அவளுடைய ஆங்கிலத்துக்கே எல்லாம் விளங்கியது. சஞ்சயன் மாஸ்டர் கோடைவிடுமுறை முழுக்க எழுதியிருந்தார். உன் வயதுப் பிள்ளைகளைப் போல் இல்லை நீ, உனக்குத்தான் அறிவு, அம்மாவுக்கு உன்னை விளங்காது, இது நமக்குள் இருக்கட்டும். கடைசி வாரச் செய்திகளை அவள் வாசித்து முடிக்கவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்ட்ராட்போர்ட் ஸ்டேஷன் வாசலில் நிற்கச் சொல்லியிருந்தது. படம் பார்க்கலாம், பிறகு தன் வீட்டுக்குப் போகலாம், தாயிடம் நூலகம் என்று சொல் என்றிருந்தது. போக விருப்பமில்லை, ஆனால் அவர் தந்த கைப்பேசியை வாங்கிவிட்டேனே என்று கம்சிகா அழுதாள். அந்த நிமிடத்திலிருந்து ஜெயகௌரியின் மனதில் அவர் அவன் ஆகிவிட்டான்.

அவள் வேறொன்றும் துருவிக் கேட்கவில்லை. நீ ஒரு பிழையும் செய்யவில்லை என்று சொன்னாள். பிள்ளை சொன்னதை, சொன்ன சொல்லிலேயே, தேதியும் நேரமும் போட்டு வரவுப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதினாள். பிறகு அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு மாலினியின் வீட்டுக்கு நடந்தாள்.

மாலினி முதலில் நம்பவில்லை, பிறகு பிள்ளையை ஏச வாயெடுத்தாள், பிறகு சமையலறையில் போய் நின்று அழுதாள். ஜெயகௌரி பின்னால் போனாள்.

“அக்கா, இதை இதோட விட்டிடுவம்,” என்றாள் மாலினி. “அவனை இனி வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. போதும். பொலிஸ் எண்டு போனா பிள்ளைக்குத்தான் பேர் கெட்டுப்போகும்.”

“வரவேண்டாமெண்டு சொன்னா, நிண்டிடுவான். இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போவான். அங்க நாற்காலி போட ஒருத்தரும் இருக்க மாட்டினம்.”

“ஒண்டும் நடக்கேல்லையே. நடக்காததுக்குப் பொலிஸ் என்ன செய்யும்?”

“முந்தியெண்டா ஒண்டும் செய்யாது, மாலினி. இப்ப சட்டம் மாறியிட்டுது. நடக்கிறதுக்கு முந்தியே பிடிக்கலாம். பிள்ளையின்ர பேரை ஒரு பேப்பரும் போட ஏலாது, அதுக்கும் சட்டம் இருக்கு. நான் கேட்டு எழுதி வைச்சிருக்கிறன்.”

மாலினி குழாயைத் திறந்தாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். போன் பண்ணுங்கோ அக்கா என்றாள்.

சனிக்கிழமை பிற்பகலில் கவுன்சிலில் யார் இருப்பார்கள் என்று ஜெயகௌரி பயந்தாள். அவசர எண்ணில் ஒருவர் எடுத்தார். திங்கட்கிழமை காலை கத்தரினே வந்தாள். கூட வந்த பெண் பொலிஸ் அதிகாரி சீருடையில் இல்லை. கம்சிகா அவர்களிடம் ஒரு அமைதியான அறையில், காமெரா ஒன்றின் முன்னால், எல்லாவற்றையும் சொன்னாள். கைப்பேசியைக் கொடுத்தாள். சஞ்சயனுக்கு ஒரு சொல்லும் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவன் ஸ்ட்ராட்போர்ட் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து நின்றான். தேய்த்த சட்டை போட்டிருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். கம்சிகா அங்கே இல்லை. அவனை எதிர்பார்த்து இரண்டு பேர் இருந்தார்கள். கம்சிகா அந்த நேரம் ஜெயகௌரியின் வீட்டில் இருந்தாள். மாலினி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல் மூன்று பேரும் சேர்ந்து இடியப்பம் பிழிந்தார்கள். பதினொன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. கத்தரின் இரண்டே வசனம் பேசினாள். ஜெயகௌரி ரிசீவரை வைத்துவிட்டு ‘முடிஞ்சுது’ என்றாள். கம்சிகா அன்றைக்கு ஒன்பது இடியப்பம் சாப்பிட்டாள். மாலினி எண்ணவில்லை, ஜெயகௌரிதான் எண்ணினாள்.

அவன் வீட்டிலிருந்து எடுத்த கணினியில் இருந்தவை அவனுடைய நோக்கத்தைச் சொல்லப் போதுமாக இருந்தன. மறுக்க வழியில்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அதனால் பிள்ளை நீதிமன்றப் படி ஏற வேண்டி வரவில்லை. அடுத்த வருட வசந்தத்தில் சிறைத்தண்டனை கிடைத்தது. குற்றவாளிகள் பதிவேட்டில் பெயர் ஏறியது. பிள்ளைகள் இருக்கும் எந்த இடத்திலும் இனி அவன் வேலை செய்ய முடியாது. வழக்கு முடிந்த அன்று அந்தப் பெண் அதிகாரி ஜெயகௌரியிடம் ஒன்று சொன்னாள். நாலு வருடத்துக்கு முன் தென் லண்டனில் ஒரு தாய் இவனைப் பற்றி முறையிட்டிருந்தாளாம். அவன் பிள்ளைக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. ஆனால் அப்போதைய சட்டப்படி குற்றம் எதுவும் நடந்திருக்கவில்லை. வழக்கு இல்லாமல் முடிந்தது. ஆனால் முறைப்பாடு பொலிஸ் கோப்பில் இருந்தது, படிவத்தை அனுப்பியிருந்தால் வெளியே வந்திருக்கும். அவனுக்கு அது தெரிந்திருந்தது.

அந்தத் தென் லண்டன் தாயை ஜெயகௌரிக்குத் தெரியாது. அவள் எந்த ஊர்க்காரி என்றும் தெரியாது. ஆனாலும் அன்று எந்த பஸ்ஸில் ஏறினோம் என்றே கவனிக்காமல், அந்தத் தாயை நினைத்துக்கொண்டே இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டாள்.

ஐப்பசியில் அவன் பிடிபட்ட பிறகு பள்ளிக்கூடம் உடனே பழையபடி ஆகிவிடவில்லை. விஷயம் எப்படியோ கசிந்தது. யாருடைய பிள்ளை என்பது மட்டும் கசியவில்லை. அது ஜெயகௌரி, சரோஜினி, யேசுரட்ணம் மூவரோடும் நின்றது. பதினோரு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்தின. நம்மவரை நாமே காட்டிக்கொடுத்துவிட்டோம், வெள்ளைக்காரர் என்ன நினைப்பார்கள் என்று சிலர் பேசினார்கள். பெற்றோர் கூட்டம் ஒன்று கூடியது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்த அக்கா எங்கள் சமூகத்தின் மானத்தை வாங்கிவிட்டார் என்றார். ஜெயகௌரி தேநீர் மேசையின் பின்னால் கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

யேசுரட்ணம் எழுந்தார். மேடைப்பேச்சு அவருக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அதில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை.

“அவனைச் சேர்த்தது நான்,” என்றார். “என்ன ஏது எண்டு கேளாமல் சேர்த்தனான். முப்பது வருசம் படிப்பிச்ச எனக்குத் தெரியாததை இந்தப் பிள்ளை கண்டுபிடிச்சது. மானம் போச்சுதெண்டா அது என்ர மானம். எங்கட பிள்ளையள் பத்திரமா இருக்கினம். அதுக்கு நான் இவவுக்கு நன்றி சொல்லுறன். வேற ஆரும் சொல்லாட்டிலும் பறவாயில்லை.”

சரோஜினி கை தட்டத் தொடங்கினார். பிறகு மிருதங்க ஆசிரியர். அவளை வேலைவெட்டி இல்லாதவள் என்று சொன்ன பெண்ணும் தட்டினாள், சற்றுத் தாமதமாக. ஜெயகௌரி என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கோப்பையைக் கழுவிய பின்னும் கழுவிக்கொண்டிருந்தாள்.

தை மாதத்துக்குள் பதினொன்றில் ஒன்பது குடும்பங்கள் திரும்பி வந்தன. அதற்கடுத்த வருடம் பிள்ளைகள் தொகை இருநூற்றிப் பத்து ஆனது. புதிதாகச் சேர்க்க வரும் தாய்மார் முதலில் கேட்பது, இங்கே ஆசிரியர்களைச் செக் பண்ணுவீர்களா என்றுதான். இல்ஃபோர்டிலும் சவுத்தாலிலும் இருந்த தமிழ்ப் பள்ளிகள் அவளைக் கூப்பிட்டன. அவள் படிவக் கட்டோடும் கறுப்புப் பேனாவோடும் போனாள். மேடை ஏறப் பயந்து, முதல் தடவை நாற்காலியில் இருந்தபடியே பேசினாள். ‘பழக்கி எடுக்கிறது’ என்று அவள் சொன்னபோது, அறையில் இருந்த தாய்மார் முகங்கள் மாறியதை அவள் கண்டாள். ஆங்கிலச் சொல் அவர்களுக்குள் போயிருக்காது. 2006இல் அரசாங்கம் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களைப் பற்றி இன்னொரு பெரிய சட்டம் கொண்டுவந்தபோது, கத்தரின் அதைத் தமிழில் சுருக்கி எழுத உதவி கேட்டாள். ஜெயகௌரியும் சரோஜினியும் சாப்பாட்டு மேசையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து எழுதினார்கள். புவனேந்திரன் எழுத்துப்பிழை பார்த்தான். அவனுக்கும் சரோஜினிக்கும் ‘ற்ற’ எங்கே வரும் என்று சண்டை வந்தது. கவுன்சில் அதை அச்சடித்து நூலகங்களில் வைத்தது. அவளுடைய பெயர் அதில் இல்லை. அது அவளுக்கு ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

மாலினி மாலைக் கடை வேலையை விட்டுவிட்டு, ஜெயகௌரி சொல்லி அதே ஆரம்பப் பள்ளியில் டின்னர் லேடியாகச் சேர்ந்தாள். கம்சிகா கொஞ்சக் காலம் ஒருத்தரோடும் பேசாமல் இருந்தாள், ஒரு மனநல ஆலோசகரிடம் போய்வந்தாள், பிறகு மெல்ல மெல்லப் பழைய வாயாடியானாள். சனிக்கிழமைகளில் தொடர்ந்து வந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஜெயகௌரியும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

2007ஆம் ஆண்டு ஆனி மாதம், பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் போட்டி. நல்ல வெயில். தாய்மாருக்கான ஓட்டப்போட்டியில் ஆள் குறைகிறது என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜெயகௌரிக்கு நாற்பத்திநாலு வயது, முழங்காலில் நோவு. சரோஜினி அவளை இழுத்துக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்தினார். அவள் செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகி, வெறுங்காலோடு ஓடினாள். பதினான்கு பேரில் மூன்றாவதாக வந்தாள். இளையமகன் அவமானம் தாங்காமல் மரத்தின் பின்னால் போய் நின்றான். யேசுரட்ணம் கழுத்தில் போட்ட வெண்கலப் பதக்கத்தை அவள் வீட்டுக்குப் போகும் வரைக்கும் கழற்றவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு கிழவி இது எதற்கு என்று கேட்க, ஓடினதற்கு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.